இண்டிகேட்டர் போட்டு இடிப்பவர்

'சக்கர வேட்டை' என்ற வீடியோ கேமில் நான் முதன்முதலில் கொன்றது ஒரு தபால்காரரை. அதுவும் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டும்போது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பற்றி வெளியே உலவும் கதைகளில் பாதி பொய். அந்தப் பாதியைப் பரப்பியவன் நான்தான் என்பதால் எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தேறினாரா இல்லையா என்று சொல்வது என் உத்தியோகம். தேர்வு வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று என் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே என் வாழ்க்கை கழிந்தது. சினிமாக் கொட்டகையில் திரையில் ஒரு கார் வளைந்தால்கூட என் வலது கால் முன் வரிசை நாற்காலியை அழுத்தும். நான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு வரிசை முழுவதுமே திரைப்பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கொட்டகைக்காரர் குறைபட்டுக்கொண்டார். அங்கே உட்கார்ந்தவர்கள் படம் தத்ரூபமாக இருக்கிறது என்று மகிழ்ச்சியாகத்தான் போனார்கள்.

கறாருக்குப் பேர்போனவன் நான். என் கையால் லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே காரில் போகலாம், காலை நீட்டிக்கொண்டு. என் மனைவியையே நான் தேறவிடவில்லை. முதல் முறை கிளட்ச், அடுத்த முறை வளைவு, கடைசி முறை கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்தார், ஆனால் பார்த்தது சாலையை அல்ல, தன் தலைமுடியை என்று காரணம் எழுதினேன். அவள் பக்கத்து ஊர் அலுவலகத்துக்குப் போய், ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கி வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த ஊர்ல கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பாங்க" என்றேன்.

"நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டே குடுக்கலியே" என்றாள்.

அந்த லைசென்ஸ் அலமாரியில் துணிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கார்ச் சாவி என் சட்டைப்பையில் படுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வதே நான் குடும்பம் நடத்திய விதம்.

இப்படிப்பட்டவனைத்தான் அரசாங்கம் தேடிக் கண்டுபிடித்து வீடியோ கேம் தணிக்கைக் குழுவில் போட்டது. 'சக்கர வேட்டை'யில் காரை ஓட்டிக்கொண்டு போய் நடைபாதையில் போகிறவர்களை இடித்துத் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள மதிப்பெண். கையில் பை வைத்திருப்பவர் என்றால் இரட்டிப்பு. பெற்றோர்கள் ஊர்வலம் போனார்கள். விளையாடுகிறவர்கள் எதிர் ஊர்வலம் போனார்கள். இரண்டு ஊர்வலமும் ஒரே முச்சந்தியில் முட்டிக்கொண்டதில் அன்று உண்மையாகவே சிலருக்குக் கால் சுளுக்கியது. தடை செய்வதா, வயது வரம்பு போடுவதா, அப்படியே விடுவதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

குழுவின் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இன்னொரு உறுப்பினர் மனநல மருத்துவர். மூன்றாவது, சாலை நிபுணர் என்ற பேரில் நான். தலைவி முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டார். படிக்காமல் யாரும் பரீட்சை எழுதக் கூடாது, அதனால் விளையாடிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் மருத்துவருக்குத் திரையில் கார் திரும்பினாலே வாந்தி வந்தது. தலைவிக்கு விரல் மூட்டெல்லாம் வலி. எனவே மூவருக்கும் சேர்த்து நானே விளையாடுவது, மற்ற இருவரும் என் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. ஸ்டியரிங், பெடல், பெரிய திரை எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கின.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தேன். நாற்காலியை முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்தேன். சீட் பெல்ட் இல்லை. துண்டை எடுத்து நாற்காலியோடு சேர்த்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் கட்டிக்கொண்டேன். திரையில் என் கார் ஒரு கடைத்தெருவில் நின்றது. இண்டிகேட்டர் எங்கே என்று தேடினேன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, ஒருவழியாகக் கண்டுபிடித்து, போட்டு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, மெதுவாக வெளியே எடுத்தேன். முதல் முச்சந்தியில் சிவப்பு விளக்கு. நின்றேன்.

நின்றேன் என்றால் நின்றேன். விளக்கு மாறவே இல்லை. அந்த விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து உலகத்தில் ஒருவர்கூட அந்த விளக்கில் நின்றதில்லையாம். அதனால் செய்தவர்கள் அதற்குப் பச்சை வைக்கவே இல்லை. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எனக்குப் பின்னால் கார்கள் சேர்ந்தன. ஹாரன் அடித்தன. தெருக்கோடி வரை, அதற்கப்பால் படம் வரையாத வெள்ளை வெளி வரை வரிசை நீண்டது. ஒரு மூதாட்டி பையோடு குறுக்கே வந்தார். அந்த வளைவில் அடிபடுவதற்கென்றே செய்யப்பட்டவர் அவர். நான் கையைக் காட்டி, "போங்கம்மா, போங்க" என்றேன். அவர் சாலையைக் கடந்து முடித்தார். கடந்த பிறகு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எதிர்ச் சுவரில் மூக்கை வைத்து நடந்துகொண்டே இருந்தார். கம்பெனியில் எங்கோ ஒரு பெரிய இயந்திரம் சூடாகி, விசிறிக்காற்று போதாமல் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள் என்று கேள்வி.

வாரக் கடைசியில் தலைவி தொலைபேசியில் அழைத்தார். "என்ன சார், ரிப்போர்ட் இன்னும் வரலியே?"

"எழுதிட்டேம்மா. இந்த விளையாட்டுல வன்முறை ஒண்ணும் இல்ல. சிக்னல்தான் ரொம்ப லேட்டு."

"வன்முறை இல்லியா? அதுல இருக்கிறதே அது ஒண்ணுதானே!"

"நான் முச்சந்தியத் தாண்டலம்மா. சிவப்பு விழுந்திருக்கு."

"சார், சிவப்புலயே போங்க."

"சிவப்புலயா?"

"அரசாங்க உத்தரவுன்னு நெனச்சுக்கிட்டுப் போங்க. போய் யாரையாவது இடிச்சுட்டு வந்து எனக்கு ரிப்போர்ட் குடுங்க."

கல்வித் துறையிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

சிவப்பில் போனேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம் என்று, இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடத்தில் ரிவர்ஸ் எடுத்து ஓரங்கட்டினேன். பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு ஓரங்கட்டல். அப்போதுதான் பின்னால் அந்தத் தபால்காரர் வந்து நின்றார். டம் என்று ஒரு சத்தம்.

என் கால், இல்லாத இரண்டாவது பிரேக்கை அழுத்தியது. இறங்கிப் போய் அவரைத் தூக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். அதற்கெல்லாம் பட்டன் இல்லை. மாறாக, திரை முழுக்க மத்தாப்பு. 'டிங் டிடிங் டிங்' என்று ஒரு சங்கீதம். பொன்னிற எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'அற்புதம்!'

இங்கேதான் கதை கொஞ்சம் கோணலாகிறது. என்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டரிடம் தேறாதவன் திட்டிக்கொண்டு போவான், தேறியவன் திரும்பிப் பார்க்காமல் போவான். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, வாசல்வரை வந்து நான் உண்மையாகவே போகிறேனா என்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். இப்போது ஒரு தபால்காரரை இடித்ததற்கு அற்புதமாம். தவறுதலாகப் பாராட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். விளையாட்டை முதலிலிருந்து தொடங்கி, அதே தபால்காரரை மறுபடி இடித்துப் பார்த்தேன். தவறில்லை.

மறுநாள் மத்தியானமும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? தபால்காரர்களை முடித்துவிட்டு பால்காரர்கள், பால்காரர்களை முடித்துவிட்டு பைக்காரர்கள் என்று முறைப்படி போனேன். கொஞ்ச நாளில் அந்த ஊர்க்காரர்கள் என் காரைப் பார்த்ததும் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஓடத் தொடங்கினார்கள். அப்படி ஓடும் வசதி விளையாட்டில் கிடையாது, அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

ஒரு நாள் என் மனைவி கூடத்து வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தாள். திரையில் ஒரு கல்யாணக் கூட்டம் சிதறிக்கொண்டிருந்தது.

"ஏங்க."

"வேலையா இருக்கேன்."

"வேலையில இருந்த வரைக்கும் ஒருத்தரையும் பாஸ் போடல. இப்ப ஒருத்தரையும் உசுரோட விடல. நடுவுல ஒரு நிலைமை உங்களுக்குக் கெடயாதா?"

"இது ஆராய்ச்சி."

"சரி, ஆராய்ங்க. நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்."

"ம்" என்றேன். அவள் அந்த நாட்களில் அடிக்கடி வெளியே போனாள். காரில் பெட்ரோலும் அந்த நாட்களில் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. டேங்கில் ஓட்டை என்று மெக்கானிக்கோடு சண்டை பிடித்தேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டை வண்டியில் இல்லை என்றார்.

பொது விசாரணை நாள் வந்தது. ஒரு பெரிய அரங்கம். ஒரு பக்கம் பெற்றோர்கள், ஒரு பக்கம் விளையாட்டு ரசிகர்கள், மேடையில் நாங்கள் மூவர், எதிரே கம்பெனியின் வக்கீல். வக்கீல் இளைஞர். வெண்ணெயில் செய்த குரல். நான் சாலை நிபுணர் என்ற முறையில் எழுந்து முழங்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. இதைத் தொட்டவன் கை அப்புறம் ஸ்டியரிங்கில் நேராக நிற்காது, இதை ஒரு மாதம் ஆடியவனுக்கு உலகத்தில் எந்தத் தேர்விலும் லைசென்ஸ் கிடைக்காது, தடை செய்தே தீர வேண்டும் என்றேன். பெற்றோர்கள் கை தட்டினார்கள்.

வக்கீல் எழுந்தார். "ஐயா, இந்த கேம்ல இப்ப உலகத்துலயே முதல் இடத்துல இருக்கிறவர் யாருன்னு தெரியுமா?"

"யாராவது பொறுப்பில்லாத பயலா இருப்பான்."

"உண்மைப் பேரு தெரியல. 'ரெண்டாவது பிரேக்'னு பேர் வெச்சு ஆடுறார். அவர் ஆட்டத்தக் கொஞ்சம் பாக்கலாமா?"

விளக்கை அணைத்துத் திரையில் ஓடவிட்டார்கள். ஒரு சிவப்புக் கார் வந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நின்றது. இண்டிகேட்டர் போட்டது. பின்னால் பார்த்தது. பிறகு நடைபாதையில் ஏறி ஒரு பேருந்து நிறுத்தத்தையே காலி செய்தது. மறுபடி இண்டிகேட்டர் போட்டு சாலைக்கு வந்தது.

"உலகம் பூரா எத்தனையோ பேர் இத ஆடுறாங்க" என்றார் வக்கீல். "இண்டிகேட்டர் போட்டு இடிக்கிறவர் ஒரே ஒருத்தர்தான். அப்படி ஒரு பட்டன் வெச்சத எங்க என்ஜினியருங்களே மறந்துட்டாங்க. யாரா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

தலைவி திரும்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பல தலைமுறைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய பார்வை. நான் தானாகவே எழுந்து நின்றேன். ஏறுவதற்குப் பெஞ்சு இல்லாததால் நின்றதோடு சரி.

"ஆராய்ச்சிக்காக" என்றேன்.

"மூணு தடவை கோப்பை வாங்கியிருக்கீங்க ஆராய்ச்சியில. இருக்கட்டும். இன்னிக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"கார்ல."

"யார் ஓட்டினது?"

"நான்தான். என் காரை வேற யாரும் தொட மாட்டாங்க." பின்வரிசையில் என் மனைவிக்கு ஏனோ புரையேறியது.

"வர்ற வழியில யாரையாவது இடிச்சீங்களா?"

"என்னைப் பாத்துக் கேக்குற கேள்வியாய்யா இது?"

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆகும்னு சொல்றது பொய்யா, இல்ல நீங்க நல்லா ஓட்டுறீங்கங்கிறது பொய்யா?"

ரசிகர்கள் பக்கம் விசில் பறந்தது. பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுந்தார். அலங்காரமில்லாத, களைத்த முகம். "நல்லாப் பேசுறீங்க தம்பி. என் பையன் ரோட்டுல போற பெரியவங்களப் பாத்து, 'அம்மா, அது டபுள் பாயின்ட்'ங்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அன்று காலை அரங்க வாசலில் தலைவி இரண்டு பைகளோடு எனக்கு முன்னால் கடந்தபோது, என் மனமும் தானாகவே இரட்டை மதிப்பெண் போட்டிருந்தது. இதை நான் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "அடுத்த வாரம் அவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற டெஸ்ட்டு இருக்குங்க. கேமு ஆளைக் கெடுக்குதா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுடுமே."

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. குறிப்பிட்ட வயதுக்கு மேல் மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ். அந்தச் சட்டம் வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு மேல் மனு போட்டவன் நான்தான். எனக்கும் வயதாகும் என்று அப்போது யாரும் எச்சரிக்கவில்லை.

தலைவிக்கு யோசனை பிடித்துவிட்டது. பரீட்சை என்றால் அவருக்கு எப்போதுமே பிடிக்கும். நான் தேறினால், என் பேச்சு பொய், விளையாட்டுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தேறாவிட்டால், நான் சொன்னது மெய், தடை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. என்னை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தால் நான் புளுகன், தோற்றால் நான் பாதசாரி. பாதசாரிகளுக்கு என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மனசாட்சிப்படி சொல்கிறேன், தடையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. சாவியைப் பற்றித்தான். புளுகன் என்ற பேரோடு எவ்வளவோ காலம் குடும்பம் நடத்தியாகிவிட்டது. ஆனால் என் காரில், என் மனைவி ஓட்ட, பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லாமல் உட்கார்ந்து போவதா? தேறியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றே விளையாட்டின் வயரைப் பிடுங்கினேன். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் என் மனைவியின் லைசென்ஸ் கிடந்தது. துடைத்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் காலாகாலத்தில் புதுப்பித்தும் வைத்திருந்தாள். அவள் என்னைவிட இளையவள், என் சட்டம் அவளை இன்னும் எட்டவில்லை.

"இது என்ன இங்க?"

"அலமாரிக்குள்ள புழுக்கமா இருக்காம். காத்தாட வெச்சேன்."

தேர்வு நாளன்று என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். நான் போன பிறகு வேலைக்கு வந்த ஓர் இன்ஸ்பெக்டரம்மா. சின்ன வயது, நேரான பார்வை. வேலிக்கு வெளியே தலைவி, வக்கீல், ரசிகர்கள், அந்தக் களைத்த முகத் தாய், எல்லோருக்கும் நடுவில் கைப்பையை அணைத்துக்கொண்டு என் மனைவி. நான் கம்பீரமாக நடந்து போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டி, "ம், வண்டிய எடுங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டரம்மா ஜன்னல் அருகே குனிந்தார். "ஐயா, அது என் சீட்டு."

கால் பழக்கம். அது நேராக இரண்டாவது பிரேக்கைத் தேடிப் போய்விட்டது. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, சரியான பக்கம் ஏறினேன். வேலிக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சாலைக்கு வந்தோம். கிளட்ச், கியர், கண்ணாடி, எல்லாம் அமைதியாக வந்தது. சிக்கல் சாலையில் இல்லை, அதன் ஓரத்தில். ஆட்கள். அசல் ஆட்கள். எல்லோர் கையிலும் பை. முதல் ஆளைப் பார்த்ததுமே காதுக்குள் 'டிங்' என்று தொடங்கிவிட்டது. நான் என் காலைத் திட்டமிட்டு பிரேக்குக்குக் கொண்டுபோனேன். நின்றேன். "போங்க" என்று கையைக் காட்டினேன். போனார். அடுத்தவருக்கும் நின்றேன். பேருந்து நிறுத்தத்தில் கையில் பெரிய பையோடு ஒரு கனத்த மனிதர் நின்றார். அவருக்கும் நின்றேன்.

"போங்க சார்."

"நான் ரோட்டைக் கடக்கல. பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பரவால்ல, கடந்துடுங்க."

"எதுக்குங்க? எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லியே."

"நீங்க இங்க நிக்கிற வரைக்கும் என்னால வண்டி எடுக்க முடியாது. பெரிய மனசு பண்ணுங்க."

அவர் நல்ல மனிதர். கடந்தார். கடந்த பிறகு, பேருந்து இந்தப் பக்கம்தான் வரும் என்பதால் திரும்பிக் கடந்தார். அதற்கும் நின்றேன். அதற்குள் பேருந்து எனக்குப் பின்னால் வந்து சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் லாரி, வேன், ஒரு தீயணைப்பு வண்டி, எங்கோ போய்க்கொண்டிருந்த ஓர் அமைச்சர். நெரிசல் ஊர் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊரில் இரண்டு கல்யாணத்தில் மாப்பிள்ளை வராமல் முகூர்த்தம் தவறியதாகச் சொல்கிறார்கள். அதில் ஒன்றை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

"ஐயா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, குரலை உயர்த்தாமல். "போலாம்."

"நீங்க ஒரு தடவைகூட உங்க பிரேக்க அழுத்தலியே, கவனிச்சீங்களாம்மா?" என்றேன். எங்கள் தொழிலில் ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

"நான் ஆக்சிலரேட்டர்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஆனாலும் நியாயஸ்தர். அலுவலக வளாகத்துக்குத் திரும்பியதும் சொன்னார்: "மெதுவா ஓட்டினதுக்காக மட்டும் உங்கள ஃபெயில் போட மாட்டேன். கடைசியா ஒண்ணு. ரிவர்ஸ் எடுத்து அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிறுத்திடுங்க. பாஸ்."

ரிவர்ஸ். நான் உலகத்திலேயே நன்றாகச் செய்யும் ஒரே காரியம். சாவி என் கையை விட்டுப் போகாது என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. கியரை மாற்றினேன். கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடியில் என் மனைவி நின்றாள். எப்போது வேலியைத் தாண்டி வந்தாளோ தெரியவில்லை. கம்பத்தை ஒட்டி, தள்ளித்தான் நின்றாள், ஒரு ஆபத்தும் இல்லாத இடம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் வரலாம்" என்று கையைக் காட்டினாள். என்னைத் தேற வைக்கத்தான் வந்திருக்கிறாள். தபால்காரர் நின்றதும் சரியாக அந்தக் கோணத்தில்தான்.

காதில் 'டிங்' கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கேட்பதற்காக என் காது காத்துக்கொண்டிருந்தது.

வண்டியை அணைத்தேன். இறங்கிப் போய், "நீ தள்ளி நில்லு" என்றேன். தள்ளினாள். ஏறினேன். கண்ணாடியில் அவள் இல்லை. இல்லாத இடத்தைப் பார்த்தால் இருப்பது போலவே இருந்தது. மறுபடி இறங்கி வண்டிக்குப் பின்னால், அடியில், கம்பத்துக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். பிறகு சாவியைப் பிடுங்கி இன்ஸ்பெக்டரம்மா கையில் வைத்தேன்.

"போடுங்கம்மா, ஃபெயில்."

"ஏன் ஐயா? பின்னாடி யாருமே இல்லியே."

"இல்லன்னு எனக்கே நம்பிக்கை வரல. நம்பிக்கை இல்லாதவனுக்கு நான் பாஸ் போட்டதில்ல."

அவர் வேலிப்பக்கம் திரும்பினார். "வண்டி வழியில நிக்குது. லைசென்ஸ் உள்ளவங்க யாராவது வந்து ஓரமா நிறுத்துங்க."

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸ் வெளியே வந்தது. உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், அதில் ஒரு தடவை தலைமுடியையும் பார்த்துக்கொண்டாள். ஒரே வீச்சில் வண்டியை இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம்.

"எப்பக் கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்றேன்.

"நீங்க தபால்காரங்களத் தீத்துக்கட்டிக்கிட்டு இருந்தப்ப. சாவி சட்டையில, சட்டை ஆணியில."

மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இன்னும் கேட்கவில்லை.

வேலிக்கு வெளியே அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. "பாருங்க, நல்லா இருந்த மனுஷன கேம் என்ன பண்ணி வெச்சிருக்குன்னு" என்றார் அந்தத் தாய். "இல்லீங்க, கேம் ஆடினதுக்கு அப்புறம்தான் இவ்வளவு ஜாக்கிரதையா ஆயிட்டார்" என்றார் வக்கீல். இரண்டு பேரும் என்னையே சுட்டிக்காட்டினார்கள். நான் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினேன். கேட்டு வாங்கிய ஃபெயில் பந்தயத்தில் சேராது என்று குழு கூடிக் கூடிப் பேசி, கடைசியில் தலைவி ஒரு தீர்ப்பு எழுதினார். சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. பெரியவர்களுக்கு விற்கலாம். ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு எந்த வயதிலும் விற்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் நம்பவில்லை. கடைக்காரர் காட்டித்தான் நம்பினேன்.

அன்று வீட்டுக்கு அவள்தான் ஓட்டி வந்தாள். நான் பக்கத்து இருக்கையில். வழி நெடுக என் கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

"அங்க பிரேக் இல்லீங்க."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மிதிக்கிறீங்க?"

"இருந்தா நல்லா இருந்திருக்கும்னுதான்."

சிவப்பு விழுந்தால் நின்றாள். பச்சை விழுந்தால் போனாள். ஆட்களுக்கு எவ்வளவு நிற்க வேண்டுமோ அவ்வளவுதான் நின்றாள். குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன். வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு வேனுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே, நானே இரண்டு தடவை முன்பின் எடுக்கும் இடத்தில், ஒரே திருப்பில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள்.

பாராட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எனக்கு அதில் பயிற்சி இல்லை. எனக்குத் தெரிந்த பாராட்டு ஒன்றே ஒன்றுதான், அதுவும் சமீபத்தில் கற்றது. நானும் யோசிக்காமல், வாயாலேயே மெதுவாகச் சொன்னேன்:

"டிங் டிடிங் டிங்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தச் சங்கீதம் எதற்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஐயய்யோ, யாரைங்க இடிச்சேன்?"

கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். வண்டிக்குப் பின்னால் ஓடினாள். முட்டி போட்டுக் குனிந்து அடியில் பார்த்தாள். இல்லை, இல்லை, இது வேறு டிங் என்று ஜன்னல் வழியாக நான் கத்தியது அவள் காதில் விழவில்லை.

கைப்பை திறந்த வாக்கில் தரையில் கிடந்தது. என் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.